அடித்தாளில் கீறல் விழாத வெட்டு

வீட்டில் ஸ்டிக்கர் போட இறங்குகிறவர்கள் பட்ஜெட்டில் முக்கால்வாசியைப் பிரிண்டருக்கே கொட்டிவிடுகிறார்கள். ஆறு வண்ண எப்சனில் சரும நிறம் அழகாக வரும், மறுக்கவில்லை. ஆனால் லேமினேஷன் ஏறியபின் அந்த வித்தியாசத்தைப் பழகிய கண்தான் தேடிப் பிடிக்க வேண்டும். வெட்டு பிசகினால் குழந்தைக்கும் தெரியும்.

எனக்கு ஹாஃப் கட்தான் உயிர். வினைலும் லேமினேஷனும் அறுபட வேண்டும். அடித்தாளில் கீறல் விழக் கூடாது. அதற்காகவே கட்டிங் மெஷின்களில் கேமியோவின் பக்கம் சாய்கிறேன். கத்தியைத் தாங்கும் அதன் இரண்டாவது கேரியேஜ் 5 கிலோ, போட்டி மெஷினான கிரிகட் மேக்கர் 4 கிலோ என்று அழுத்தத்தை ஒப்பிட்டு வாங்குகிறார்கள். தோல், மரம் வெட்டுகிறவர்களுக்கு அது உதவும். ஸ்டிக்கருக்கு கேமியோ 4-இன் முதல் கேரியேஜ் தரும் 210 கிராமே தாராளம்.

விஷயம் கத்தியில் இருக்கிறது. முனை, சுழலும் அச்சிலிருந்து மயிரிழை விலகியிருப்பதால், போகும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்ளும். உள்ளே துளி பசையோ பேப்பர் தூசியோ சிக்கினால் அந்தச் சுழற்சி தடைபடும். வளைவுகள் ஒழுங்காக வரும், நட்சத்திரத்தின் மூலைகள் மட்டும் பிய்ந்துபோகும். உடனே அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், கத்தியைத் துடையுங்கள். டெஸ்ட் கட்டில் சதுரத்துக்குள் வரும் முக்கோணத்தை உரித்து, அடித்தாளை விளக்கில் பிடித்துப் பார்ப்பது எனக்குத் தனி சந்தோஷம்.

கிரிகட்டின் எளிமை பலருக்குப் பிடிக்கிறது. ஆனால் 2021-இல், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 படம்தான் அதன் மென்பொருளில் ஏற்றலாம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கிய நிறுவனம் அது. எனக்கு அது மறக்கவில்லை.

ஸ்டிக்கரோடு மேக்னட்டும் செய்கிறவர்கள் மேக்னட் ஷீட்டைப் பிரிண்டருக்குள் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டிக்கராக அச்சடித்து 0.5 மில்லிமீட்டர் ஷீட்டில் ஒட்டி, ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கட்டரால் அறுத்தால் போதும்.

பேருந்து நிலையத்து ரேடியம் ஸ்டிக்கர் கடைகளில் வெறும் பிளேடால் எழுத்து வெட்டிய கைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அடித்தாள் அப்படியே இருக்கும். இன்று மெஷின் வைத்துக்கொண்டே படத்தைச் சுற்றித் தடியாக வெள்ளை ஓரம் விட்டு, அச்சும் வெட்டும் பொருந்தாத ரெஜிஸ்ட்ரேஷன் பிசகை மறைக்கிறார்கள். பளபள லேமினேஷனில் ஒளி தெறித்துத்தான் மெஷினின் சென்சார் ரெஜிஸ்ட்ரேஷன் குறிகளைத் தவறவிடுகிறது. குறிகளின் மேல் மட்டும் மேட் டேப்பை ஒட்டி, நிறத்தை வெட்டுக் கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் நீட்டி அச்சடித்தால், வெள்ளை ஓரமே வேண்டியதில்லை.