பல்லவமல்லனின் சுவரும் கொழும்பின் கடன் பத்திரமும்

வெற்றியைச் செதுக்கிய அரசர்கள் பலர். அரியணை காலியாகக் கிடந்த கதையைச் செதுக்க வைத்தவன் நந்திவர்ம பல்லவமல்லன். காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவரில் அந்தக் கதை வரிசையாக ஓடுகிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துபோகிறான். மாத்திரர், மூலப்பிரகிருதிகள், கடிகையார் எனப்பட்ட நாட்டுப் பெருமக்கள் கிளைமரபினனான இரணியவர்மனிடம் போய் நிற்கிறார்கள். அவனுடைய நான்கு மக்களில் மூவர் மறுக்க, பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் முன்வருகிறான். சிற்பங்களை ஒட்டி விளக்கக் கல்வெட்டும் உண்டு. அரசியல் குலைவுக்குப் பின் ஒரு நாடு வெளியுலகில் இழந்த நம்பிக்கையை மீட்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பழைய, இதைவிட விரிவான தமிழ்நாட்டு ஆவணம் இல்லை. ஆனால் ஆவணம் விரிவாக இருப்பது வேறு, நம்பத்தக்கதாக இருப்பது வேறு.

முதலில் இழந்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பரமேசுவரவர்மனின் தந்தை இராசசிம்மன் காலத்தில் பல்லவ அரசின் மதிப்பு கடல்கடந்து நின்றது. கி.பி. 720இல் அவன் தூதர்கள் தாங் பேரரசர் சுவான்சோங்கின் அவையில் இருந்தார்கள். அராபியருக்கும் திபேத்தியருக்கும் எதிராகத் தான் அனுப்பவிருந்த படைக்கு ஒரு பெயர் சூட்டும்படி அவன் கேட்டதையும், பேரரசர் பெயர் அளித்ததையும் சீனக் குறிப்புகள் பதிவு செய்துள்ளன. ஏறத்தாழப் பத்தாண்டுதான் கழிந்திருக்கும். சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன் காஞ்சியில் புகுந்து திறை கொண்டான். கங்கரோடு பொருதிய பரமேசுவரவர்மன் விளந்தையில் வீழ்ந்தான். நேர்வாரிசு இல்லை. வெளியில் தோல்வி, உள்ளே வெற்றிடம். குலைவு என்ற சொல்லுக்கு இலக்கணமாக ஒரு நிலை.

இனிச் சுவரை எடைபோடலாம். அதன் முதல் சிறப்பு, பதவி எப்படி வந்தது என்பதை மறைக்காமை. பல்லவமல்லன் பிறப்புரிமையால் வந்தவனல்லன், தேர்ந்து அழைக்கப்பட்டவன். மூத்தவர்கள் மறுத்த பதவி இது என்பதைக்கூட அந்தச் சுவர் சொல்லிவிடுகிறது. தன் ஆட்சியின் மிகப் பலவீனமான கண்ணியைப் பொதுவிடத்தில் கல்லில் பொறித்து வைக்கும் துணிவு எளிதன்று. அதன் குறை, எழுத்து முடிசூட்டு விழாவோடு தேய்ந்துவிடுவது. அதற்குப் பின் வரும் போர்க்காட்சிகள் பெரும்பாலும் ஊமையாக நிற்கின்றன. எது எந்தப் போர் என்று அறிஞர்கள்தாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. சி. மீனாட்சி இந்தச் சிற்பங்களை ஆராய்ந்து எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1941இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது; இன்றும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. (பல்லவமல்லன் கம்போசத்திலிருந்தோ சம்பாவிலிருந்தோ கடல் தாண்டி வந்தவன் என்னும் கருத்து கவர்ச்சியானது. ஆனால் கல்வெட்டு மலை, ஆறு, காடு கடந்து வந்தான் என்கிறது. கடல் என்று சொல்லவில்லை. கவர்ச்சியைச் சான்றாகக் கொள்ள முடியாது.)

சுவரைவிடக் கடுமையான சோதனை செப்பேடுகளில் இருக்கிறது. அவனது 22ஆம் ஆட்சியாண்டுக் காசக்குடிச் செப்பேடு, சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் வழியில் வந்தவன், குடிகளால் தேரப்பட்டவன் என்று ஒளிவில்லாமல் சொல்கிறது. முந்தைய ஆண்டைச் சேர்ந்த உதயேந்திரம் செப்பேடோ அவனைப் பரமேசுவரவர்மனின் மகனாகவே காட்டுகிறது. இன்று கிடைக்கும் உதயேந்திரம் ஏடு பிற்காலப் படி என்று கருதப்படுவதால் பிழையைப் படியெடுத்தவர் தலையில் போட்டுவிடலாம். அது நியாயமாகவும் இருக்கக்கூடும். ஆனாலும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. ஓர் அரசு ஓரிடத்தில் 'நான் அழைக்கப்பட்டவன்' என்றும் வேறோரிடத்தில் 'நான் பிறப்பாலேயே உரியவன்' என்றும் சொல்லிக்கொண்டிருந்தால், இரண்டில் எதை நம்புவது? திறனாய்வுக்கு இதுவே உரைகல்: எல்லா அவைகளிலும் ஒரே சொல்லைச் சொல்கிறதா, முன்னவன் கொடுத்த சொல்லையும் தன் சொல்லாக ஏற்கிறதா?

சொந்தச் சாட்சி எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் அது சொந்தச் சாட்சியே. காஞ்சிக்காரர்களுக்கு இது பாடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போலி ஜரிகை சந்தையில் புகுந்தபின், 'அசல் ஜரிகைதான்' என்று நெய்தவர் சொல்வதும் விற்பவர் சொல்வதும் போதாமல் போயின. பட்டோடு தொடர்பில்லாத ஒருவரின் சோதனைச் சீட்டுக்குத்தான் விலை. நந்திவர்மனுக்கு அப்படி வெளிச்சாட்சி உண்டா?

மூன்று உண்டு, மூன்றும் ஒரே தரமல்ல. முதலாவது எதிரியினுடையது. 733இல் பட்டமேறிய இரண்டாம் விக்கிரமாதித்தன், நந்திவர்மன் ஆண்டபோதே மீண்டும் காஞ்சியைக் கைப்பற்றினான். நகரை அழிக்கவில்லை. இராசசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கன்னடத்தில் அந்தக் கோயில் தூணிலேயே வெட்டிவைத்தான். அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் கைலாசநாதரின் சாயல் தெளிவாகத் தெரியும். இதைப் பல்லவர் மதிப்பு மீண்டதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அது காஞ்சி என்ற நகரத்துக்குக் கிடைத்த மரியாதை, நந்திவர்மன் என்ற அரசனுக்குக் கிடைத்ததல்ல. நகரத்தின் பெருமையை அரசின் பெருமையாகக் கணக்கெழுதுவது இன்றும் தொடரும் பழக்கம். சுற்றுலாப் பயணிகள் வருவதை வைத்து நாட்டின் நற்பெயர் மீண்டதாகச் சொல்லும் அமைச்சர்களை நாம் பார்க்காததில்லை.

இரண்டாவது, 753இல் சாளுக்கியரை வீழ்த்திய இராட்டிரகூடத் தந்திதுர்க்கனுடன் ஏற்பட்ட உறவு. தந்திதுர்க்கன் காஞ்சிமேல் படையெடுத்த பின் அவன் மகள் ரேவாவை நந்திவர்மன் மணந்ததாக வரலாற்றாசிரியர் கொள்வர். அவர்கள் மகனுக்குத் தந்திவர்மன் என்ற பெயர் வந்ததும் அதோடு பொருந்துகிறது. மணவுறவு பயத்தாலும் வரும், கணக்காலும் வரும். எனினும் நிலைக்காது என்று கருதும் அரசுக்கு யாரும் மகளைக் கொடுப்பதில்லை. இந்தச் சாட்சிக்கு எடை உண்டு. அதற்குமுன் உள்ளேயே போட்டியாளன் சித்திரமாயன் இருந்தான். பாண்டியர் துணையோடு நந்திபுரத்தில் நந்திவர்மனை முற்றுகையிட்டபோது தளபதி உதயசந்திரன் வந்து மீட்டான். இவ்வளவையும் கடந்து அவன் ஆட்சி 60 ஆண்டுகளைத் தாண்டியது. நீண்ட ஆட்சியும் ஒரு வாதம்தான், வலுவற்ற வாதம் என்றாலும்.

மூன்றாவதே முதன்மையானது, ஆனால் மிகத் தாமதமாக வந்தது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, 'அவனிநாரணம்' என்ற பெயரில் ஒரு குளம் வெட்டப்பட்டதையும் அது மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர், சேனாமுகத்தார் ஆகியோரின் காவலில் விடப்பட்டதையும் சொல்கிறது. அவனிநாரணன் என்பது 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் நந்திவர்மனின் விருது. வணிகர்கள் தங்கள் முதலைப் போட்ட அயல்மண்ணில், தாய்நாட்டு அரசனின் பெயரைக் குளத்துக்கு வைத்திருக்கிறார்கள். எந்த அரசவைக் கவிஞரும் அங்கே இல்லை. பல்லவர் இழந்த நம்பிக்கை மீண்டது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று இதுதான். குலைவுக்கும் இதற்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

ஆக, காஞ்சி வழக்கில் தீர்ப்பு: மீட்டார்கள், ஆனால் மீட்டவன் காணவில்லை, அவன் வழியினர் கண்டார்கள்.

முடியாட்சியின் அளவுகோலை இன்றைய அரசுக்கு வைப்பது சரியா என்று கேட்கலாம். ஓரளவு சரியல்ல. பல்லவனின் வாக்கு அவன் உடலோடு போகும். இன்றைய அரசின் வாக்கு ஆட்சி மாறினாலும் தொடர வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. அளவுகோல் தளர்வதற்குப் பதில் இறுகுகிறது. அதை வைத்துப் பார்க்க மிக அருகிலுள்ள வழக்கு இலங்கை. காஞ்சிக்கு அது அந்நியமும் அல்ல. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி சுவான்சாங் காஞ்சிக்கு வந்தபோது, இலங்கையிலிருந்து தப்பி வந்த பிக்குகளை இங்கே சந்தித்தார். அரசன் இறந்துவிட்டான், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுத் தம் இலங்கைப் பயணத்தையே கைவிட்டார். அயலவரின் நம்பிக்கை இழப்பு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது.

2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தது. மே மாதம் அதன் வரலாற்றில் முதன்முறையாகக் கடன் தவறிய நாடானது. ஜூலை 9இல் மக்கள் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் புகுந்தார்கள். சில நாளில் கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். பணவீக்கம் செப்டம்பரில் 70 சதவீதத்தை ஒட்டியது. அந்த ஆண்டு இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவி அளித்தது. சென்னையிலிருந்து தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் அனுப்பியது. அதற்குப் பிந்தைய மீட்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2024 ஜூனில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையிலான கடன்கொடுத்தோர் குழுவோடும், தனியே சீன எக்சிம் வங்கியோடும் உடன்பாடு ஆனது. டிசம்பரில் தனியார் கையிலிருந்த அரசுக் கடன் பத்திரங்கள் மாற்றப்பட்டன. இடையே செப்டம்பரில் ஆட்சி மாறி அநுர குமார திசாநாயக்க பதவிக்கு வந்தார். முந்தைய அரசு பேசி முடித்த உடன்பாட்டைக் கடுமையாக விமர்சித்த கட்சி, பதவிக்கு வந்ததும் அதை முறிக்காமல் நிறைவேற்றியது. இந்த ஒரு செயல், ஆயிரம் உறுதிமொழிகளைவிட மேலானது. முன்னவன் சொல்லைத் தன் சொல்லாக ஏற்கும் சோதனையில், கடன் விஷயத்தில், இலங்கை தேறியது.

ஆனால் அந்தப் புதிய பத்திரங்களையே சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு வகைப் பத்திரத்தில், நல்லாட்சி இலக்குகளை நிறைவேற்றினால் வட்டி குறையும் என்று எழுதியிருக்கிறது. இன்னொரு வகை, பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறது. இது நம்பிக்கையா, விலை போட்ட அவநம்பிக்கையா? நம்புகிறவர் நல்ல நடத்தைக்குத் தனியே தள்ளுபடி எழுதி வைப்பதில்லை. கடன்காரரின் கதவு திறந்திருக்கிறது என்பது உண்மை. சங்கிலியை எடுக்காமல் திறந்திருக்கிறது.

இழப்பு 2022இல் தொடங்கவில்லை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜப்பான் நிதியில் கொழும்பில் அமையவிருந்த இலகு ரயில் திட்டத்தை 2020இல் கோத்தபய அரசு தன்னிச்சையாகக் கைவிட்டது. கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனையம் பற்றி 2019இல் இந்தியா, ஜப்பானோடு ஏற்பட்ட புரிந்துணர்வை 2021 பிப்ரவரியில் உதறியது. டாலர் தீர்ந்தபோது கைகொடுக்க வேண்டியிருந்த நாடுகள் இவையே. கையிருப்புக் குறைவதற்கு முன்பே சொல்லின் மதிப்பு குறைந்திருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஜெனீவாவில் இருக்கிறது. 2015 அக்டோபரில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கை தானே இணை அனுசரணை வழங்கியது. போர்க்கால மீறல்களை விசாரிக்கும் பொறிமுறையில் வெளிநாட்டு நீதிபதிகளின் பங்கேற்பும் அதில் இடம்பெற்றிருந்தது. சில மாதங்களில் அப்போதைய குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன வெளிநாட்டு நீதிபதிகள் தேவையில்லை என்று பேசினார். 2020 பிப்ரவரியில் அடுத்த அரசு இணை அனுசரணையிலிருந்தே விலகியது. 2024 அக்டோபரில் புதிய அரசும் பேரவைத் தீர்மானத்தை ஏற்க மறுத்தது. நியாயத்தைச் சொல்ல வேண்டும்: காணாமற்போனோர் அலுவலகம் 2016 சட்டப்படி அமைந்தது, இராணுவம் அடைத்து வைத்திருந்த தனியார் நிலங்களில் ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டது. அவை உண்மையான செயல்கள். ஆயினும் ஜெனீவாவில் ஒரு சொல், கொழும்பில் ஒரு சொல் என்ற பழக்கம் மாறவில்லை. உதயேந்திரம் ஏட்டுக்காவது படியெடுத்தவர் பிழை என்று ஒரு சாக்கு உண்டு. இங்கே அதுவும் இல்லை.

இதற்கு மறுப்பு ஒன்று வலுவாக எழும்: கடன் ஒப்பந்தத்தை மீறினால் எரிபொருள் வராது, மனித உரிமைத் தீர்மானத்தை மீறினால் என்ன நடக்கும்? உண்மையில் அதிகம் நடக்காது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது, 2017இல் திருப்பிக் கொடுத்தது. அதற்காகக் கொடுத்த வாக்குகளில் ஒன்றான 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் மாற்றம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தண்டனையின்றி மீறத்தக்க வாக்கைக் காப்பாற்றுவதே நம்பிக்கையின் மெய்ச் சோதனை என்பதால், இந்த மறுப்பு இலங்கைக்கு ஆதரவான வாதமாக முடிவதில்லை.

இலங்கை கடன்காரரின் நம்பிக்கையை வியக்கத்தக்க வேகத்தில் மீட்டிருக்கிறது. ஒப்பந்தம் செய்யும் நாடு என்ற நம்பிக்கையை அரைகுறையாக மீட்டிருக்கிறது. தன் தமிழ்க் குடிகளுக்கு வெளியுலகின் முன்னிலையில் கொடுத்த வாக்கில் இன்னும் தேறவில்லை. 1987 இந்திய-இலங்கை உடன்பாட்டின் வழி வந்த மாகாண சபைகளுக்கு வடக்கில் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். அடுத்த தேர்தலை நடத்த நாணய நிதியத்தின் ஒப்புதலோ பத்திரம் வைத்திருப்போரின் சம்மதமோ கொழும்புக்குத் தேவையில்லை.