தறிக்குக் கிடைத்தது, ஆளுக்குக் கிடைக்காதது

1983-இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் ஒரே பணத்தில் இரண்டு காரியம் பார்க்க நினைத்தது. பொங்கலுக்கு ஏழை வீட்டில் புதுத்துணி; மந்தமான மாதங்களில் நெசவாளி தறியில் பாவு. இல்லாதவனுக்குத் துணியும் உழைப்பவனுக்கு வேலையும் சேர்த்துத் தரும் யோசனை என்பதால் ஆட்சிகள் மாறியும் அது நிலைத்தது. நூல் தாமதம், துணியின் தரம் என்று புகார்கள் உண்டு. ஆனாலும் ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்துச் சங்கத் தறிகள் பல அந்த ஆர்டரை நம்பித்தான் ஓடுகின்றன.

விசைத்தறி ஊரான இளம்பிள்ளையின் கதை வேறு. இங்கே பிழைப்பு கலர் சேலையில், வெளியூர் வியாபாரியின் கையில். அரசு இந்த ஊருக்குள் நுழைவது மின்கம்பி வழியாக. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் என்பது 2006-இல் வந்தது. 2016-இல் 750, 2023-இல் 1000. சொந்தமாக ஒன்றிரண்டு தறி போட்டுக் குடும்பமே ஓட்டுபவருக்கு இது பெரிய துணை. அதை மறுப்பவர் மின்கட்டண ரசீதைப் பார்க்காதவர்.

ஆனால் சலுகை இணைப்பின் பெயருக்குத்தான் போகிறது. அடுத்தவர் தறியைக் கூலிக்கு ஓட்டுபவருக்கும், தார் சுற்றும் பெண்ணுக்கும் அந்த 1000 யூனிட்டில் ஒரு யூனிட்டும் இல்லை. சிறு தறிக்காரரிடமும் அது முழுதாகத் தங்குவதில்லை. எல்லாத் தறிக்கும் மின்சாரம் மலிவானால், பாவும் ஊடையும் கொடுக்கும் வியாபாரி அந்த மிச்சத்தைக் கணக்கில் வைத்தே கூலி பேசுவார். போதாததற்கு, 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஒரு கையால் காக்கும் கைத்தறியை, இந்த மலிவு மின்சாரம் மறுகையால் போட்டிக்கு இழுக்கிறது.

கூலி ஆளைக் கட்டிப்போடுவது முன்பணம். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறி வட்டாரத்தில் அட்வான்ஸ் வாங்கியவர் அதை அடைக்காமல் வேறு தறிக்குப் போக முடியாத நிலை பழைய விஷயம். 2025-இல் பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகத் தரகர்கள் வலைவீசியது செய்தியானபோது அந்தக் கடனின் ஆழம் வெளியே தெரிந்தது.

இந்தத் தொழிலாளர் வீடுகளை உண்மையில் தாங்கிய திட்டங்கள் நெசவுக்கென்று வந்தவையல்ல. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, 2011 முதல் விலையில்லாத ரேஷன் அரிசி, 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை. இவற்றுக்குத் தறி முதலாளியின் தயவு வேண்டாம். உரிமைத்தொகைக்கு வருமான வரம்பு உண்டு, விடுபட்டவர்களும் உண்டு. ரேஷன் கடையிலோ 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோடு கிழித்தபோதும் தமிழ்நாடு அட்டைதாரர்களைப் பிரிக்காமல் விட்டது. நம் நலத்திட்ட வரலாற்றில் அதைவிடத் துணிச்சலான முடிவு குறைவு என்பேன்.

மின்சாரச் சலுகையை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் முதலில் விழுவது சின்னத் தறிக்காரர்தான். ஆனால் பல தறி போட்டு ஆள் வைத்து ஓட்டுபவர், அந்த ஆட்களை விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து, கூலியை வங்கி வழியாகக் கொடுத்தால்தான் சலுகை என்று ஒரு நிபந்தனை வைக்கலாம். முன்பணக் கணக்கும் அப்போது எழுத்தில் வந்தே தீரும். அதனால்தான் முதல் எதிர்ப்பும் அந்த முதலாளிகளிடமிருந்து கிளம்பும்.