ஸ்கோவனின் கறுப்பு

பழைய கண்டிப் படங்களுக்கு இப்போது கணினியில் கலர் பூசுகிறார்கள். வாவிக்கு நீலம், பேராதனைப் புல்லுக்குப் பச்சை என்று போகும்வரை பெரிய மோசமில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் சேலையில் கை வைக்கும்போதுதான் காரியம் கெடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படக்காரர் சார்ள்ஸ் ஸ்கோவன் எடுத்த படத்தில் ஒரு சேலை கறுப்பாகத் தெரிந்தால் அது கறுப்புச் சேலை என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் நீல ஒளிதான் பதியும். சிவப்பு அதற்கு வெறும் இருட்டு. அரக்குச் சிவப்பும் கறுப்பாகவே விழும், கரும்பச்சையும் கறுப்பாகவே விழும். நீலமோ வெளுத்து, வெள்ளைத் துணிபோல நிற்கும். வெற்றிலை போட்ட உதடு கறுத்திருக்கும், குங்குமம் கரிப்பொட்டாகும், மஞ்சள் பூசிய கன்னம் ஒரு படி இருண்டுவிடும். மென்பொருளுக்கு இது தெரியாது. இருட்டைக் கண்டதும் மண்நிறம் பூசிவிடுகிறது. அரக்குக் கூறைச் சேலையாக இருந்திருக்கக்கூடிய ஒன்று சாயம்போன வேலைத்துணியாகிவிடுகிறது. பார்ப்பவர்களும் ‘பாவம், அந்தக் காலத்துச் சனம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஸ்கோவன் 1873 அளவில் இலங்கைக்கு வந்து, கண்டியில் ஒரு கமிஷன் ஏஜண்டிடம் உதவியாளராக இருந்து, 1876க்குள் அதே ஊரில் சொந்த ஸ்டூடியோ போட்டவர். கோப்பி இலைநோய் 1869இலேயே தலைகாட்டிவிட்டது. ஜேம்ஸ் டெய்லரின் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை ஊன்றியது அதற்கும் இரண்டு வருடம் முந்தி. ஆக, கோப்பி செத்துத் தேயிலை எழுந்த அந்த இடைக்காலத்தில் அவருடைய கமரா இந்த மலையில் இருந்திருக்கிறது. பேராதனைப் பனைவகைகளையும் பழங்களையும் அவர் எடுத்த படங்களைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். புகழட்டும்; தகுதியான படங்கள்தான். ஆனால் ஸ்கோவனை ஸ்கோவனாக்குபவை பெண்களின் உருவப்படங்கள். தகடு பழுப்புத் தோலை உள்ளதைவிடக் கறுப்பாக்கும். சாதாரண ஸ்டூடியோக்காரன் கையில் அந்த முகம் குழிபோல இருண்டு போகும். ஸ்கோவனோ ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பகல் வெளிச்சத்தை விட்டு, கன்னத்தின் மேட்டையும் மூக்கின் ஓரத்தையும் இருளுக்குள்ளிருந்து எடுத்து வருகிறார். தகட்டை நேரே தாளோடு ஒட்டி வெயிலில் அச்செடுத்த படம் அது, பெருப்பித்தது அல்ல. ஆகவே உருப்பெருக்கியை வைத்தால் முந்தானையின் இழைகூடத் தெரியும். காப்பைப் பாருங்கள்: வெள்ளி முழுக்க வெள்ளையாய் விழுந்திருக்கும்; பொன் அதன் மஞ்சளால் மங்கி, விளிம்பில் மட்டும் மின்னும். வங்கி இல்லாத லயத்தில் சேமிப்பெல்லாம் உடம்பில்தான் கிடந்தது. அந்தப் பெண் எவ்வளவு மிச்சம் பிடித்தாள் என்பதற்கு எந்தத் துரையின் கணக்கேட்டிலும் வரி இருக்காது. இந்தக் கறுப்பு வெள்ளை வித்தியாசத்தில் அது இருக்கிறது.

ஜூலியா மார்கரெட் கெமரன்தான் உயர்ந்தவர், ஸ்கோவன் வெறும் வியாபாரி என்பவர்களுண்டு. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பக்கம் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமான அந்த அம்மையார் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. இங்கே அவர் எடுத்ததில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலும் தமிழ்த் தொழிலாளர் முகங்கள் உண்டு. ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது சோகமும் அழகும். அதற்காகக் கூர்மையைத் தளர்த்திவிடுவார். தளர்ந்த இடத்தில் முதலில் கரைந்து போவது துணியின் ஓரமும் நகையின் வேலைப்பாடும்தான். அன்றாட வாழ்க்கையைத் தேடுகிறவனுக்கு விற்பனைக்காகத் துல்லியமாக எடுத்த வியாபாரியின் படமே அதிகம் தருகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு. இந்தப் படங்கள் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விற்க எடுத்தவை. ‘தமிழ்ப் பெண்’ என்ற தலைப்புக்குக் கீழே அவள் பெயர்கூட இல்லை. நிறுத்தி வைத்து எடுத்ததில் அன்றாடம் எங்கே இருக்கிறது? பெயர் எழுதாதது அநியாயம்தான், அதற்குச் சமாதானம் கிடையாது. நிறுத்தி வைத்தார்கள் என்பதும் உண்மை, அதைப் படமே காட்டிக்கொடுக்கிறது. மெதுவாகப் பதியும் அந்தத் தகட்டில், கொழுந்து பறிக்கிற கை பனிபோலக் கலங்கித்தான் விழும். விரல்கள் கூர்மையாக விழுந்திருந்தால் அந்த நேரம் யாரும் பறிக்கவில்லை, ‘அசையாதே’ என்ற உத்தரவுக்கு நிற்கிறார்கள் என்று அறியலாம். வரிசையின் ஓரத்தில் தலை கலங்கிப்போன பிள்ளை இருந்தால் அது உத்தரவை மதிக்கவில்லை. தலைப்பையும் நிற்கும் விதத்தையும் துரையும் படக்காரரும் தீர்மானித்தார்கள். இழுத்து வளர்த்த காது, மூக்குத்தியின் பக்கம், முந்தானை செருகிய முறை ஆகியவற்றை அவர்கள் தீர்மானிக்கவில்லை. அவை இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் மன்னார் வழியாக, மாத்தளைப் பாதையில் நடந்து வந்தவர்கள் கொண்டுவந்தவை.

கலர் பூசினால்தான் இளம்பிள்ளைகளுக்கு அந்த மனிதர்கள் நெருங்கி வருவார்கள் என்கிறார்கள். நெருங்கி வருவது யார் என்பதுதான் என் கேள்வி. 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பனியின் தபாலட்டைகளிலும் கலர் உண்டு. பூசிய கைக்கு எதிரில் அந்தச் சேலை இருந்ததில்லை, தோன்றிய நிறத்தைப் பூசினார்கள். ஆனால் அட்டையைப் பார்த்த எவருக்கும் அது பூசிய கலர் என்று தெரியும். இன்றைய கணினிக் கலரோ உண்மைபோல நடிக்கிறது. அதோடு, படத்தின் அடியில் எண்ணும் தலைப்பும் ‘ஸ்கோவன் அண்ட் கோ’ என்ற எழுத்தும் இருக்கும் பட்டையை வெட்டி எறிந்துவிட்டு, ‘பழைய கண்டி’ என்று மட்டும் போட்டு ஹோட்டல் சுவர்களில் மாட்டுகிறார்கள். எடுத்தவர் பெயரும் போய், காலமும் போய், சேலையின் நிறமும் பொய்யாகிவிடுகிறது. உங்கள் வீட்டுப் பெட்டியில் இப்படியொரு படம் கிடந்தால் அட்டையிலிருந்து உரிக்காதீர்கள், ஓரத்தை வெட்டாதீர்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஸ்கான் செய்து வையுங்கள். கலர் மட்டும் பூசவேண்டாம்.