காமன் கூத்துக் களமும் மலையக ஓவியத்தின் வேரும்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஓவிய மரபு கிடையாது என்றொரு பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. பாட்டு உண்டு, தப்பு உண்டு, கூத்து உண்டு. தீட்டிய படம் எங்கே என்று கேட்கிறார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பரா கரி பிடித்துக் கிடந்தது, வண்ணம் வாங்கச் சம்பளம் போதவில்லை, ஆகவே கண்ணுக்குரிய கலை அங்கே வளரவில்லை என்பது அவர்கள் கணக்கு. வறுமையைப் பற்றிய பகுதி உண்மை, முடிவு பிழை. பலாங்கொடைத் தோட்டத்திலிருந்து நாளை ஓர் ஓவியர் வந்தால், அவருடைய முதல் பள்ளி எதுவென்று தேட வெகுதூரம் போக வேண்டாம். மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றித் தொடங்கி, காமனாகிய மதனைச் சிவன் எரித்த கதையை ஆடும் காமன் கூத்தே அது.

ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் காரணம் விளங்கும். மேடை கிடையாது, பின்திரை கிடையாது. லயத்து வாசலோ மைதானமோதான் களம், சுற்றிலும் சனம், நேரமோ இரவு. கடைசி வரிசையில் பிள்ளையைத் தோளில் வைத்து நிற்பவருக்கும் மதன் யார், வீரபத்திரன் யார் என்று நொடியில் தெரிய வேண்டும். அதைச் செய்வது வேஷம் கட்டுபவரின் கை. பகலெல்லாம் மலையில் வேலை செய்த ஓர் ஆணின் முகம் அரிதாரத்தால் மதனின் மனைவி ரதியாகிறது. கரும்பு வில்லும் சரிகைத்தாள் ஒட்டிய கிரீடமும் மதனின் உருவரையைத் தூரத்திலிருந்தே அறிவித்துவிடுகின்றன. தப்பின் அடி வேகமெடுத்து வீரபத்திரன் துள்ளி வரும்போது முகம் ஒரு நொடிகூட நிலையாக நிற்காது. அந்த அசைவில் நுணுக்கக் கோடுகள் கரைந்துபோகும். புருவமும் மீசையும் தடித்த வீச்சாக இருந்தால்தான் நிற்கும். மதன் எரிந்த பின் ரதி புலம்பும் கட்டத்தில் ஆட்டம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது; பார்வையெல்லாம் ஒரே முகத்தில் குவிகிறது. அங்கே கண்ணைச் சுற்றிய மைதான் நடிப்பின் பாதி. எந்தக் கோட்டைத் தடிப்பாக்குவது, எந்த நிறத்தை இருட்டுக்கு எதிரே நிறுத்துவது, எதை விட்டுவிடுவது என்ற இந்தத் தெரிவுகள்தாம் ஓவியருக்கும் அடிப்படை.

விடிந்தால் கழுவிவிடுகிற அரிதாரத்தை ஓவிய மரபு என்பதா, அது நேர்த்திக்கடன் அல்லவா, தமிழகத்திலிருந்து வந்தது அல்லவா என்று மறுப்பவர்கள் உண்டு. ஜார்ஜியாவைப் பாருங்கள். அந்நாட்டின் இன்றைய ஓவியர்களும் தம் வேரைச் சொல்லும்போது நிக்கோ பிரோஸ்மானியிடம் போகிறார்கள். 1862இல் பிறந்து 1918இல் வறுமையில் இறந்த அவர், திபிலிசி மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் படமும் எழுதிப் பிழைத்தவர். கறுப்பு மெழுகுத்துணியில் வரைந்தார். கறுப்பு தேவைப்பட்ட இடத்தில் துணியை அப்படியே விட்டார். 1912இல் இளம் கலைஞர்கள் சிலர் கண்டெடுக்கும் வரை அதைக் கலை என்று எண்ணியவர் சிலரே. பிழைப்புக்காக எழுதிய படம் ஒரு நாட்டின் வேராகுமானால், நேர்த்திக்காகத் தீட்டிய முகம் ஏன் ஆகாது? கடல் கடந்து வந்தது என்பதும் குறையாகாது. சுமந்து வந்தவர்கள் அதை இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக ஆடியிருக்கிறார்கள். கழுவப்படுவது நிறம் மட்டுமே. பார்த்துப் பழகிய கண் அடுத்த மாசிக்கும் இருக்கிறது.

இன்னொரு மறுப்பு கனமானது; அது இன்றைய மலையக ஓவியர்களைப் பற்றியது. ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்றவர்; தேநீர்ப் பைகளையும் தேயிலைச் சாயத்தையும் ஊடகமாக்கித் தொழிலாளர் வாழ்வைப் படைப்பவர். இத்தகைய ஆக்கங்கள் கொழும்புக் காட்சிக்கூடங்களுக்குத் தோட்டத்தின் துயரத்தை விற்கின்றன என்று சொல்லப்படுவதுண்டு. அந்த ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால், கொழுந்து பறிப்பவரின் உழைப்பு கடைசியில் வந்து சேரும் பொருள் அந்தச் சாயம். அதையே நிறமாக எடுப்பவர் துயரத்தை அலங்கரிக்கவில்லை; வாங்கிக் குடிப்பவர் முன் கணக்கை வைக்கிறார். கையில் உள்ளதைக் கொண்டே உருவம் செய்யும் துணிவு கூத்துக் களத்திலும் இருப்பதுதான்.

பலாங்கொடைப் பக்கத்துப் பாடசாலைகளில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் மாசியில் பிள்ளைகளைக் கொப்பியும் பென்சிலுமாகக் களத்துக்கு அழைத்துப் போங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னரே போய், வேஷம் கட்டுபவரின் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவர் பெயரையும், யாரிடம் பழகினார் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.