வேட்டை வில்லின் நாண்: தேர்வும் திரிப்பும்

மரபு வில்லைப் பற்றிய நூல்களில் மரத்துக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட நாணுக்குக் கிடைப்பதில்லை. யூ மரத்தின் வளையங்களையும் ஜூனிப்பரின் பதத்தையும் பக்கம் பக்கமாக ஆராயும் ஆசிரியர்கள், நாணைப் பற்றிச் சில வரிகளோடு நிறுத்திக்கொள்கின்றனர். ஆயினும் வளைந்த மரத்தில் தேங்கிய ஆற்றல் அம்பைச் சென்றடைவதற்கு நாணைத் தவிர வேறு வழியில்லை. எய்யும் தருணத்தில் அது அறுந்துவிட்டால், பிடிக்கு மேலும் கீழும் உள்ள வில்லின் கைகள் அந்த ஆற்றலைத் தாமே ஏற்க நேர்ந்து, பல வேளைகளில் ஒடிந்தும் போகின்றன. இன்று மரபு வில்லைக் கையிலெடுப்போரிடையே நாண் தேர்வில் இரண்டு போக்குகள் ஓங்கியுள்ளன. முன்னோர் கையாண்ட பொருளே உகந்தது என்பது ஒன்று. அறுபடாத பொருளே உகந்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நாணின் எடை, நீட்சி, ஈரத்தை ஏற்கும் விதம், பழுதை முன்கூட்டிக் காட்டும் தன்மை ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்துப் பார்க்காதவரை இரண்டுமே அரைத் தீர்ப்புகள்தாம்.

நாணின் மீது விழும் பெருஞ்சுமை, வில்லாளி இழுத்துப் பிடித்திருக்கும்போது விழுவதன்று. அம்பு கிளம்பியபின் நாண் நேர்கோடாக நிமிரும் கணத்தில், விரைந்து செல்லும் கைகளை அது ஒரேயடியாகத் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதால், அதன் இழுவிசை அப்போதுதான் உச்சத்தை எட்டுகிறது. வில்லின் இழுவிசையைப்போல நான்கு மடங்கேனும் தாங்கக்கூடியதாக நாண் இருக்க வேண்டும் என்ற கைவினைஞர் விதி இதனால் எழுந்தது. ஆனால் வலிமைக்காக இழைகளைக் கூட்டக் கூட்ட எடையும் கூடுகிறது. நாணின் நடுப்பகுதி அம்பின் வேகத்திலேயே பாய்வதாலும் இரு முனைகளும் மிகக் குறைவாகவே நகர்வதாலும், நாணின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அம்பின் எடையோடு சேர்ந்ததாகவே கணக்கிடப்படுகிறது. 9 கிராம் நாண் என்றால் ஒவ்வோர் எய்தலிலும் 3 கிராம் வீண்சுமை. ரோஜர் ஆஸ்கம் 1545இல் வெளியிட்ட ‘டாக்ஸோஃபிலஸ்’ என்ற ஆங்கில நூலே, தடித்த நாண் வில்லுக்குப் பாதுகாப்பானது ஆயினும் மெதுவானது என்றும், மெல்லிய நாண் அதற்கு நேர்மாறானது என்றும் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிட்டது. அம்பின் வேகத்தை அளக்கும் கருவிகள் ஏதுமில்லாத காலத்தில், கையின் உணர்வை மட்டும் கொண்டு எட்டப்பட்ட இந்த முடிவு இன்றளவும் திருத்தம் வேண்டாமல் நிற்பது வியக்கத்தக்கது.

விலங்கின் தசைநாரால் ஆன நாணுக்கு, நன்கு பதிவுபெற்ற சான்றாக யாஹி மக்களைச் சேர்ந்த இஷியின் கைவினையைக் கொள்ளலாம். தம் மக்கள் அனைவரையும் இழந்து 1911இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வந்துசேர்ந்த அவர், 1916இல் இறக்கும்வரை சான்ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். அவர் வில்லும் அம்பும் செய்த முறையை, அவரிடம் வில்வித்தை பயின்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் எழுதிவைத்தார். தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிறே தசைநார். மானின் கால்களிலிருந்து எடுத்த அதனை இஷி வாயில் மென்று மென்மையாக்கி, நூல் நூலாகப் பிரித்து, ஈரம் காயுமுன் முறுக்கி, இழுத்துக் கட்டி உலரவிட்டார். உமிழ்நீரில் ஊறிய நார் தன் பசையாலேயே ஒட்டிக்கொள்வதால், குட்டையான துண்டுகளையும் ஒன்றோடொன்று பிணைத்து வேண்டிய நீளத்துக்குக் கொண்டுவர முடிகிறது. வேட்டையாடிய விலங்கே அடுத்த வேட்டைக்கான நாணையும் தந்தது. இப்பொருளின் தொன்மைக்கு வலுவான சான்று ஆல்ப்ஸ் மலையின் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட ஏட்ஸி என்ற மனிதனின் அம்பறாத்தூணியில் கிடைத்தது: 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய அந்த முப்புரிக் கயிறு விலங்கின் தசைநாரால் ஆனது என ஆய்வாளர் கண்டறிந்தனர். பனி காத்த ஒரு கயிற்றைக் கொண்டு, அக்காலத்தார் அனைவரும் தசைநாரையே நாடினர் என்று முடிவுகட்டுவது மட்டும் பொருந்தாது. தாவர நார்கள் மண்ணிலும் நீரிலும் மக்கிவிடுவதால் அவற்றின் சான்று இயல்பாகவே குறைந்துபோகிறது. 1545இல் மூழ்கி 1982இல் மேலெடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ கப்பலில் 130க்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தபோதும், அவற்றின் நாண்கள் எஞ்சவில்லை.

தசைநாரின் சிறப்பு அதன் நெகிழ்ச்சி. திடீர் இழுப்பை ஏற்று மீளும் அதன் இயல்பு குட்டையான, முதுகில் தசைநார் ஒட்டிய வில்லுக்கு மிக ஏற்றது. அதன் பெருங்குறை ஈரம். நனைந்த தசைநார் தளர்ந்து நீள்கிறது. நீண்டதும் நாணுயரம், அதாவது நாணேற்றிய நிலையில் வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, குறைந்துவிடுகிறது. அது குறைந்தால் நாண் முன்கையில் அறைவதோடு அம்பின் போக்கும் மாறுகிறது. மழையற்ற நீண்ட கோடையில், விலங்கை அழைத்தும் பதுங்கியிருந்தும் அருகிலிருந்து எய்த இஷிக்கு இக்குறை பெரிதாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை. அதே நாணை ஈரக்காற்று வீசும் கடலோரக் காட்டுக்குக் கொண்டுசென்று, மரபு என்ற பெயரால் அதனையே வற்புறுத்துவது மரபைத் தவறாகப் படிப்பதாகும். மரபு என்பது அந்தந்த நிலத்துக்கேற்பத் தெரிந்தெடுத்ததே ஒழிய, ஒரே பொருளை எங்கும் சுமந்து திரிந்ததன்று.

இதற்குப் போப்பே நல்ல சான்று. இஷியின் திறனைப் போற்றிய அவர், தம் நீண்ட யூ வில்லுக்குத் தசைநாரைத் தேடாமல், ஆளிச் செடியின் தண்டு நாரான லினன் நூலைத் தேன்மெழுகிட்டு மூன்று புரிகளாகத் திரித்துப் பயன்படுத்தினார். ஆளிநார் நனைந்தால் வலுவிழப்பதில்லை, மாறாக, வலுக்கூடுகிறது. நீட்சியும் மிகக் குறைவு என்பதால் அம்பு விரைந்து பாய்கிறது. ஆனால் நெகிழ்ச்சி குறைந்த பொருள் அதிர்வை வில்லின் மீதே இறக்கும். மிகுந்த வறட்சியில் முறியும் தன்மையும் பெறும். நனைந்தபடி மூடிவைத்தால் மக்கும். தேன்மெழுகு இழைகளை ஒட்டவைப்பதற்காக மட்டும் பூசப்படுவதில்லை என்பதைப் புதியவர் பலர் உணர்வதில்லை. நார் தன் இயல்பான ஈரப்பதத்தை இழக்காமலும், இழைகள் ஒன்றையொன்று உராய்ந்து தேயாமலும் அது காக்கிறது. இலை நார்கள் இவ்வளவு மெல்லியவை அல்ல எனினும் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கவையும் அல்ல. தமிழகத்தின் வறண்ட நிலங்களில் வளரும் மருள் என்ற செடியின் இலை நார் இந்தியாவில் வில்நாணுக்குப் பயன்பட்டதே.

எந்த நாரானாலும் திரிக்கும் முறையில்தான் நாணின் ஆயுள் பெரும்பாலும் தீர்மானமாகிறது. ஒவ்வொரு புரியையும் ஒரு திசையில் முறுக்கி, புரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக எதிர்த்திசையில் சுற்றும்போது, ஒன்று பிரிய முயல்வதே மற்றொன்றை இறுக்குகிறது. முடிச்சே இல்லாமல் கயிறு தன்னைத் தானே பூட்டிக்கொள்வது இதனால்தான். வில்முனையின் குதையில், அதாவது நாண் தங்கும் வெட்டில், மாட்டும் கண்ணியையும் இவ்வாறே திரிக்கலாம். கண்ணியின் வால்களை ஒரே இடத்தில் முடிக்காமல் படிப்படியாக மெலியவிட வேண்டும். இல்லையேல் தடிப்பு சட்டென முடியுமிடத்தில் விசை குவிந்து நாண் அங்கேயே அறும். பழைய ஆங்கில முறையில் ஒரு முனையில் மட்டும் கண்ணி இருக்க, மறுமுனை சுற்றுமுடிச்சால் கட்டப்பட்டது. நாண் நீளும்போதெல்லாம் முடிச்சை அவிழ்த்துச் சரிசெய்ய இது வழிவிட்டது. இரட்டைக் கண்ணி நாண் பார்வைக்கு அழகியது. இயற்கை நாருக்கு ஒற்றைக் கண்ணியே அறிவுடைய தேர்வு. முறுக்கிலும் ஓர் எல்லை உண்டு: குறைந்தால் இழைகள் சுமையைச் சமமாகப் பகிராமல் முதலில் இறுகியது முதலில் அறும், மிகுந்தால் இழைகள் சாய்ந்து கிடந்து, தம் வலிமையில் ஒரு பகுதியைப் பக்கவாட்டு நெரிப்பிலேயே இழக்கும். இந்த நடுநிலையைச் சொல்லிக் கொடுக்க முடியாது. கை பழகியே அறிய வேண்டும் என்பது இக்கலையின் வலுவும் குறையும் ஆகும்.

பிரிட்டனில் 1941இல் உருவான பாலியெஸ்டர் இழை, ‘டேக்ரான்’ என்ற வணிகப் பெயரில் வில்லாளிகளை அடைந்தபின் இயற்கை நார்களின் ஈரம், மக்கல் பற்றிய கவலைகள் பெருமளவு தீர்ந்தன. அது நீரால் மாறுவதில்லை, மக்குவதில்லை; மிதமாக நீள்வதால் மர வில்லையும் வருத்துவதில்லை. உயிருள்ள விலங்கின் மீது அம்பு எய்வோர், ஒரே எய்தலில் துன்பமின்றி அதனைக் கொல்லும் கடமை உடையவராதலால், தம் நாணைப் பற்றி ஐயமின்றி இருப்பது சிறு நன்மையன்று. இந்த ஒரு காரணத்துக்காகவே பாலியெஸ்டரை ஏற்பது நேர்மையான முடிவு. அதைக் கடந்து வலிமையை மட்டும் துரத்தியபோது இழப்பே மிஞ்சியது. குண்டுதுளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லார் இழையை 1970களில் இலக்கு வில்லாளிகள் நாணாக்கியபோது, அது குதைக்கு அருகே மடிந்து மடிந்து, வெளியே ஒரு பிசிறும் காட்டாமல் திடீரென அறுந்தது. பின்னர் வந்த உயர்திறன் பாலித்தீன் இழை அதனினும் நம்பத்தக்கது எனினும், நீட்சி மிகக் குறைந்த அந்த மெல்லிய நாண், கொம்போ கடின மரமோ பொருத்தி வலுவூட்டாத பழைய வில்முனைகளைக் கத்திபோல் அறுத்துவிடும். லினன் நாணோ, முதலில் ஓரிழை பிசிறும், பின்னர் இன்னொன்று. வில்லாளி பார்க்கப் பழகியிருந்தால் மாற்றிக்கொள்ள நேரம் கொடுக்கும்.

பாலியெஸ்டர் நாணுக்கு வரலாற்று ஆய்வில் மட்டும் வேறு அளவுகோல் தேவை. பழைய வில்லொன்றின் மறுபடைப்பைச் செய்து, அதில் இக்கால இழையைப் பூட்டி, அம்பின் வேகத்தை அளந்து, முன்னோரின் வில் இத்தனை திறனுடையது என்று அறிவிக்கும் சோதனைகள், நாணின் எடையும் நீட்சியும் முடிவை மாற்றிவிடும் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. இத்தகைய சோதனையில் நாணின் பொருள், இழைகளின் எண்ணிக்கை, நாணின் எடை ஆகிய மூன்றும் மரத்தின் பெயருக்கு அடுத்து எழுதப்படாதவரை, அதில் காட்டப்படும் வேகம் அளக்கப்பட்ட அந்த ஒரு மறுபடைப்புக்கு மட்டுமே உரியது.