பூண் தேய்ந்த கைத்தடி

கைத்தடிப் பிரியர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் பிடியைத்தான் பார்க்கிறார்கள். சிங்கமுகமா, யாளியா, தந்தமா, மான்கொம்பா என்று கேட்டுக்கொண்டே கை நீட்டுகிறார்கள். நான் தடியைத் தலைகீழாகத் திருப்பி அடியைக் காட்டுவேன். சிலருக்கு முகம் வாடிவிடும். என்ன செய்வது, ஒரு தடியின் சரித்திரமெல்லாம் அதன் பூணில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டுத் தடிகள் கொள்ளுத்தாத்தா வாங்கத் தொடங்கி, தாத்தா, பெரியப்பா என்று கைமாறி என்னிடம் வந்தவை. கருங்காலி உண்டு, ஈட்டி உண்டு, கறுப்பில் மஞ்சள் கீற்றோடும் பனைவைரம் உண்டு, கெட்டி மூங்கிலும் உண்டு. விலை பேச வருகிறவர்களின் கண் தந்தப் பிடி வைத்த கருங்காலிமேல்தான் விழும். எனக்கோ அதன் பக்கத்தில் கிடக்கும் மலாக்காப் பிரம்பு போதும். சுமத்ராக் காட்டில் விளைந்து மலாக்கா வழியாகக் கப்பலேறிய சரக்கு. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவிலேயே முழுத் தடி கிடைத்துவிடுவதால் உடம்பில் ஒரு முடிச்சுக்கூட இருக்காது. முழு உருண்டையும் அல்ல. ஒரு பக்கமாக மெல்லிய முகடு ஓடும். இருட்டில் எடுத்தாலும் விரல் அந்த முகட்டைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

இந்தத் தடிக்கு நாலு விரற்கடை நீளத்தில் பித்தளைப் பூண், முனையில் இரும்பு. ஐரோப்பாவில் தெருக்கள் சேறாகக் கிடந்த காலத்துத் தடிகளுக்கெல்லாம் பூண் நீளம். தெருவில் கல் பாவப்பட்ட பிறகு அது குறுகிக்கொண்டே வந்தது. எங்கள் பூணின் நீளத்தைவிட அதன் தேய்மானம்தான் விசேஷம். வளைந்த பிடியை முன்பக்கம் பார்க்க வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அடியைத் தடவினால் இடது ஓரம் இன்னும் கூர்மையாக நிற்கிறது. வலது ஓரம் நகக்கனத்துக்குத் தேய்ந்து சரிந்திருக்கிறது. ஊன்றும்போது தடியின் முனை சற்று வெளியே போகும், தலை உடம்புப் பக்கம் சாயும், ஆகவே தேய்வது உள் ஓரம். அப்படியானால் கொள்ளுத்தாத்தா தடி பிடித்தது இடக்கையில். வலி இருந்தது வலக்காலில். கூடத்தில் மாட்டியிருக்கும் ஸ்டூடியோ படத்தில் அவர் வலக்கையில் பிடித்துக்கொண்டு ஜமீன்தார்போல நிற்கிறார். படம் பிடிப்பவர் சொல்லியிருப்பார். பூண் யார் சொல்லையும் கேட்காது.

அதைத் தேய்த்தது எங்கள் ஊர் மணல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் மணலுக்கா பஞ்சம்? பொங்கலுக்கு மறுநாள் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் வருவார். சீவரம் நரசிம்மரும் சாலவாக்கம், காவாந்தண்டலம் பெருமாள்களும் திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசரோடு சேர்ந்து நிற்கிற அன்று, சேவிக்க வரும் கிழவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது என் பழக்கம். என் சிறுவயதில் அந்தக் கூட்டத்தில் பனையும் பிரம்பும் புளியங்கொம்பும் மணலில் புதைந்து புதைந்து எழும். அந்த வெங்கடேசர் கோயில் கல்வெட்டில்தான் வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையும் அதன் 15 படுக்கைகளும் பேசப்படுகின்றன. எழுந்து போன நோயாளி எதை ஊன்றிப் போனான் என்பதையும் வெட்டி வைத்திருந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் புண்ணியமாக இருந்திருக்கும்.

பராமரிப்பில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் தகராறு. பித்தளை பளபளக்க வேண்டும், மரம் வார்னிஷில் மின்ன வேண்டும் என்பது அவர்கள் கட்சி. கை வியர்வையும் காலமும் சேர்ந்து ஏற்றிய மெருகை ஒரு மத்தியானத்தில் சுரண்டி எறிவதற்குப் பெயர் பராமரிப்பா? தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள்; பிசுக்கேறித் தூசி ஒட்டுவதுதான் மிச்சம். பழைய வேட்டித் துணி, துளி தேன்மெழுகு, வருஷத்துக்கு ஒருமுறை போதும். மூலையில் சாத்தி வைத்தால் பிரம்பு வளைந்துவிடும், படுக்க வைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மூங்கிலுக்கும் பிரம்புக்கும் உளு பெரிய எமன். அடியில் மாவு கொட்டியிருந்தால் அந்தத் தடியை அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். அருங்காட்சியகங்களில் பாலிதீனில் சுற்றிக் கடுங்குளிரில் வைத்துப் பூச்சியைக் கொல்வார்கள். மூன்றடித் தடியை வீட்டு ஃபிரிட்ஜில் எங்கே வைப்பது? நான் துளைக்குள் ஊசியால் மருந்து ஏற்றுகிறேன்.

பழுதுபார்க்கக் கொடுப்பதுதான் மகா ஆபத்து. தாத்தாவின் ஈட்டித் தடியில் பிடி ஆடுகிறதே என்று ஒரு கடையில் கொடுத்தேன். பிடியை இறுக்கித் தந்தார்கள். கூடவே, கேட்காமலேயே, தேய்ந்த பூணைக் கழற்றி எறிந்துவிட்டு, அடியில் ஓர் அங்குலம் அறுத்து, கறுப்பு ரப்பர் குப்பி மாட்டியிருந்தார்கள். "வழுக்காது சார்" என்றார் கடைக்காரர், பெருமையாக. வழுக்காதுதான். தாத்தா எந்தக் காலைச் சாய்த்து நடந்தார் என்பது மட்டும் இனி யாருக்கும் தெரியாது.

மருந்துக்கடையில் தொங்கும் அலுமினியத் தடியை நான் குறைசொல்ல மாட்டேன்; விழாமல் காப்பாற்றுகிறது, உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். என் எரிச்சலெல்லாம் போலிகள்மேல். நேற்று வார்த்த பித்தளைத் தலையை அமிலத்தில் முக்கிக் கறுக்கவைத்து, மூன்று துண்டாகத் திருகிக் கழற்றும்படி செய்து, 'ஆன்டிக்' என்று விற்கிறார்கள். கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு சாயம் ஏற்றிய ஏதோ ஒரு கட்டையெல்லாம் கருங்காலித் தடி ஆகிவிட்டது. ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுக்கிறது. இவற்றையும் திருப்பிப் பாருங்கள்: பிடியில் நூறு வயது, பூணில் ஒரு கீறல் இல்லை.

பிடி அழகில்லாமலே பேர் வாங்கிய தடியும் உண்டு. 1930 தண்டி யாத்திரையில் காந்தி ஊன்றிய மூங்கில் தடி, மஞ்சேசுவரத்துக் கன்னடக் கவிஞர் கோவிந்த பையிடமிருந்து காந்தியவாதி காகா காலேல்கருக்கும் அவரிடமிருந்து காந்திக்கும் போனதாகச் சொல்வார்கள். அதில் என்ன தந்தம் இருந்தது, என்ன சிங்கமுகம் இருந்தது?

தந்தக்காரர்களின் ரசனையை நான் மட்டம் தட்டவில்லை. விசாகப்பட்டினத்திலும் திருவிதாங்கூரிலும் தந்தம் செதுக்கிய கைகள் சாமானியமானவை அல்ல. ஆனால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் வந்தபின் தந்தப் பிடியை விற்கவும் வழியில்லை, வாங்கவும் வழியில்லை. வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பங்கு பிரிக்கும் நாள் வந்தால் தம்பி எதைக் கேட்பான் என்று எனக்குத் தெரியும். அந்தத் தந்தப் பிடியை, மனுப் போடும் வேலையோடு சேர்த்து, அவனுக்கே சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். மலாக்கா பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.