முதுகு தெரிய வேண்டும்

டிவிடி கேஸின் முதுகு 14 மில்லிமீட்டர். உள்ளே படுத்திருக்கும் டிஸ்க் 1.2 மில்லிமீட்டர். இடம் போதாமல் தவிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்ட மறுநாளே கேஸ்களை மூட்டை கட்டிக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, டிஸ்க்குகளைக் கறுப்பு ஜிப் ஆல்பத்தில் செருகிவிடுகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு நின்ற நூறு படம் தோள்பைக்குள் அடங்கிவிடுகிறது, வாஸ்தவம். ஆனால் ஆல்பத்துக்கு மாறிய வீட்டில் பிறகு யாரும் படம் பார்த்து நான் கண்டதில்லை. பக்கத்துக்கு நாலாகப் புரட்டி, லேபிளின் பொடி எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படிப்பதற்குள் ஆசை வடிந்துவிடும்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த லேண்ட்மார்க் கடையில் கழுத்தை வலப்பக்கம் சாய்த்தபடியே மாலைகளைக் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேடிப் போனது ஒரு படம், கையில் வந்தது வேறு படம் என்பதுதான் அந்த மாலைகளின் சுகம்.

முதுகு என்றால் எனக்குக் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனத்து டிவிடிகளின் முதுகுதான். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர்களின் பெட்டியில் சாக்லேட்டுக்கு அடியில் ஒன்றிரண்டாக வந்து சேர்ந்தவை. டிவிடிகளை உலக மண்டலங்களாகப் பிரித்துப் பூட்டியிருப்பதால் அவை நம் ஐந்தாம் மண்டலத்து பிளேயரில் ஓடாது. அதற்கென்றே மண்டலப் பூட்டில்லாத பிளேயர் வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முதுகிலும் ஓர் எண். ஒன்றாம் எண் ரெனுவாரின் ‘லா கிராண்ட் இல்யூஷன்’. மேலான நெகட்டிவ் கிடைத்ததால் அது தள்ளிப்போய் 1999இல்தான் வந்தது; இரண்டாம் எண்ணான ‘செவன் சாமுராய்’ 1998இலேயே வந்துவிட்டது. அதாவது, முதல் இடத்தைக் காலியாக வைத்துவிட்டு வரிசை தொடங்கியிருக்கிறது. அவசரத்துக்கு வேறு படத்தை அங்கே நிறுத்தாத அந்தப் பிடிவாதத்துக்காகவே நான் எண் வரிசையில் அடுக்குகிறேன். இயக்குநர் வரிசைக்காரர்கள் சிரிப்பார்கள். குரோசாவா 2, 24, 52, 138 என்று சிதறிக் கிடக்கிறாரே என்பார்கள். கிடக்கட்டும். ‘ரஷோமோன்’ தேடும் வழியில் எத்தனை பேரைக் கடந்து போகிறோம்!

782ஐப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்கள் மூன்றுக்கும் சேர்த்து ஒரே எண். 1993இல் லண்டன் தீ விபத்தில் கருகிய நெகட்டிவ்களை இத்தாலியின் பொலோனாவில் ஈரம் ஏற்றி, ஒட்டுப்போட்டு மீட்டெடுத்த பிறகு, 2015இல் வந்த பெட்டி. இதையும் பிரித்து உறையில் போட்டால் இரண்டு அங்குலம் மிச்சமாகுமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மற்ற படங்களுக்கு உறை போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அட்டைத்தாள் முழுதாக நுழைகிற பாலிபுரோப்பிலீன் உறையாக இருக்க வேண்டும். பிவிசி உறை சென்னை வெயிலில் டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு படலம் படியவைக்கும். தாளை நடுவில் மடிக்காமல், முதுகுப் பட்டையின் ஒரு பக்கத்து மடிப்பில் மட்டும் மடித்தால் தலைப்பு அப்படியே ஓரத்தில் தெரியும். ஆழமான இழுப்பறையில் நிறுத்திவைத்தால் பழைய நூலகத்து அட்டைப் பட்டியலைப் போல விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். 7 மில்லிமீட்டர் ஒல்லிக் கேஸ்களை நான் சேர்ப்பதில்லை. அதற்காக அட்டைத்தாளைக் கத்தரிக்கச் சொல்வார்கள்.

விசிடிகளைக் கேஸிலேயே விட்டுவிடுங்கள். டிவிடியில் தகவல் அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. விசிடியில் அது லேபிளுக்கு நேர் கீழே. மேலே ஒரு கீறல் விழுந்தால் இடைவேளைக்குப் பிறகு படமே இல்லை. டிவிடியாக வராமலே போன தமிழ்ப் படங்கள் சில, படத்துக்கு இரண்டு, மூன்று டிஸ்க்காக வந்த இந்த விசிடிகளில்தான் உயிரோடு இருக்கின்றன.

புளூரேயையும் டிவிடியையும் கலந்து வைப்பதுதான் வீண் செலவு. ஒன்று 17 சென்டிமீட்டர் உயரம், மற்றது 19. பிரித்து வைத்துப் பலகைகளை இறக்கினால், தரையிலிருந்து உத்தரம் வரை போகும் அலமாரியில் ஓர் அடுக்கு இலவசமாகக் கிடைக்கவும் கூடும். இதைச் செய்யாமலே கேஸைத் தூக்கிப் போடுகிறார்கள்.

4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் நானூறு டிவிடியைச் சுருக்காமலே ஏற்றலாம் என்கிறான் அக்கா மகன். ஏற்றியும் வைத்திருக்கிறான். என்ன பார்த்தாய் என்று கேட்டால் யூடியூப் என்கிறான்.

2007இல் மோசர் பேர் நிறுவனம் 34 ரூபாய்க்கு டிவிடி விற்றபோது, சேர்ப்பது சம்பளக்காரருக்கும் கைக்கெட்டியது. இன்று தமிழ்ப் படம் டிஸ்க்கில் வருவதே அபூர்வம். வெளிநாட்டுப் பதிப்புகளிலும் கையேடு போய் மடித்த தாள் வந்திருக்கிறது. பிளாஸ்டிக்கை மிச்சம் பிடிக்கிறோம் என்று கேஸில் ஓட்டை போட்டு, அட்டைப்படத்தில் வடு விழவைக்கிறார்கள்.

மிச்சமிருப்பது த்ரீ இன் ஒன் டிஸ்க். மூன்று நாயகர், மூன்று இயக்குநர், ஒரே முதுகு. முதல் படத்தின் பெயரில் வைப்பதுதான் முறை என்பார்கள். நான் பார்க்க விரும்பும் படத்தின் பெயரில் வைக்கிறேன். மற்ற இரண்டையும் தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை.